தெருவிளக்கின் கீழே மூன்று செடிகள்

போன ஆண்டு ஆவணி முதல் வாரத்தில், வீட்டு முன்சுவரை ஒட்டி ஒரே வரிசையாக ஒன்பது காஸ்மோஸ் செடிகள் வளர்த்தேன். விதை ஒரே பொட்டலத்தில் வந்தது. மண்ணும் ஒன்றுதான், மாட்டு எருவை நானே சரிசமமாகப் பிரித்துப் போட்டேன். ஐப்பசி பாதிக்குள் ஆறு செடிகள் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்கின. வரிசைக் கடைசியில் நின்ற மூன்றில் ஒரு மொட்டுகூட இல்லை. அவை நோஞ்சானாக இருந்திருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன். மற்ற ஆறைவிட ஒரு முழம் கூடுதல் உயரம், கரும்பச்சை இலை, விரல் தடிமனில் தண்டு. கொழுகொழுவென்று நின்றுகொண்டு பூக்க மறுத்தன.

"எரு அதிகமாப் போச்சு தம்பி, அதான் தழையாவே ஓடுது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தவறில்லாத கணிப்பு. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருந்து பூப்பதைத் தள்ளிப்போடும். தக்காளி, கத்தரி வளர்ப்பவர்களுக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் ஒரே எருவைத் தின்ற ஆறு செடிகள் பக்கத்திலேயே பூத்து நிற்கின்றனவே?

விடை இரவில்தான் கிடைத்தது. கதவைப் பூட்டப் போனபோது, அந்த மூன்று செடிகளின் நிழல் மட்டும் சுவரில் கருப்பாக, கூர்மையாக விழுந்திருந்தது. புதிதாக மாட்டிய வெள்ளைத் தெருவிளக்கு அவற்றின் தலைக்கு நேர்மேலே எரிந்துகொண்டிருந்தது. மற்ற ஆறும் கொன்றை மரத்தின் நிழலில் இருட்டுக்குள் இருந்தன.

செடிக்கு இரவு தேவைப்படுகிறது என்பது அறிவியலுக்குத் தெரிந்து நூறாண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், ஆலார்டு என்ற இருவரை ஒரு புகையிலை ரகம் திணறடித்தது. மேரிலாண்ட் மாமத் என்று அதற்குப் பெயர். கோடை வயலில் ஆள் உயரத்தைத் தாண்டி இலைமேல் இலையாக விட்டுக்கொண்டே போகும், பூக்காது, பனி விழுந்து செத்தும் போகும். அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சின்னச் செடியிலேயே பூத்துவிடும். வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் கோடையில் சில செடிகளைத் தினமும் மாலைக்கு முன்பே இருட்டறைக்குள் வைத்து, காலையில் வெளியே எடுத்தார்கள். பகல் குறுகியதும் புகையிலை பூத்தது. 1920 இல் வெளியான அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகுதான் குறும்பகல் செடி, நெடும்பகல் செடி என்ற பேச்சே பிறந்தது.

பெயர் பகலைச் சொன்னாலும் செடி கணக்கெடுப்பது இரவைத்தான். 1938 இல் ஹாம்னர், போனர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் ஊர்ச் சாலையோரங்களிலும் முளைத்துக் கிடக்கும், காய் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தை. நீண்ட இரவு கொடுத்தால் அது பூக்கும். அதே நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தால் பூக்காது. இலைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி அந்த வெளிச்சத்தைக் கண்டு 'இரவு முடிந்தது' என்று தகவல் சொல்லிவிடுகிறது. என் மூன்று செடிகளுக்கும் ஆவணியிலிருந்து ஒருநாள்கூட இரவு முழுசாகக் கிடைக்கவில்லை.

நம் ஊரில் பகலின் நீளம் அப்படி என்ன மாறிவிடுகிறது என்று கேட்கலாம். லண்டனில் ஆனி மாதப் பகல் பதினாறரை மணி நேரம்; மார்கழியில் எட்டு மணிகூடத் தேறாது. சென்னையிலோ நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரியில் அதிலும் குறைவு, ஏறக்குறைய ஒரு மணி. நமக்கு உறைக்காத இந்த மாற்றம் செடிக்கு உறைக்கிறது. நம் பழைய சம்பா நெல் ரகங்கள் பலவும் இப்படித்தான்: முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், பகல் சுருங்கும் காலம் வந்த பிறகே கதிர் விடும். பட்டம் பார்த்து விதைத்தவர்கள் பைட்டோகுரோம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. அதன் வேலை அவர்களுக்கு அத்துப்படி. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் அதையே தொழிலாகச் செய்கிறார்கள். பூ தள்ளிப் போக வேண்டுமென்றால் இரவில் விளக்குப் போடுவார்கள். சீக்கிரம் வேண்டுமென்றால் கருப்புத் துணியால் மூடுவார்கள்.

காஸ்மோஸின் சொந்த ஊர் மெக்சிகோ. ஜின்னியாவும் அங்கிருந்துதான் வந்தது. செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் நாம் அழைக்கும் பூவும் அப்படியே. கோயில் மாலையில் இவ்வளவு உரிமையோடு உட்கார்ந்திருக்கும் செண்டுமல்லி கடல் கடந்து வந்தது என்பதை நம்பப் பலருக்கும் கஷ்டமாக இருக்கும். மெக்சிகோவில் நவம்பர் முதல் நாட்களில் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் திருநாளுக்கு வீட்டையும் கல்லறையையும் இதே பூவால்தான் அலங்கரிக்கிறார்கள். அங்கே ஜூனில் தொடங்கும் மழை அக்டோபர் வாக்கில் ஓய்கிறது. மழை இருக்கும்வரை வளர்ந்து, பகல் சுருங்கும்போது பூத்து, வறட்சிக்குள் விதையாகிவிட வேண்டும். இந்தச் செடிகளின் உடம்பில் எழுதியிருக்கும் நாட்காட்டி அதுதான்.

நம் வடகிழக்குப் பருவமழை இந்த நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. அங்கே மழை விடும் நேரத்தில் இங்கே மழை பிடிக்கிறது. ஆடி ஆவணியில் விதைத்தால் செடி நன்றாக உயர்ந்து கிளை விட்டுப் பூக்கும். ஆனால் அந்தப் பூ ஐப்பசி மழையில் நனைந்து அழுகும். ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் மழைக்குத் தப்பலாம். ஆனால் இரவு ஏற்கெனவே நீண்டிருப்பதால் செடி சாண் உயரத்திலேயே அவசரமாக மொட்டு வைத்துவிடும். அதனால் நான் புரட்டாசியில் ஒரு தடவையும் ஐப்பசியில் ஒரு தடவையும் விதைக்கச் சொல்வேன். முதல் தவணை உயரத்துக்கு. இரண்டாவது தொட்டிக்கும் சுவர் ஓரத்துக்கும். அங்கே குள்ளமாகப் பூப்பதுதான் அழகு.

*

இலை இரவை அளந்ததும் என்ன நடக்கிறது? பூப்பது இலை இல்லை, தண்டின் நுனி. அப்படியானால் இலையிலிருந்து நுனிக்குச் சேதி போக வேண்டும். 1930களில் சோவியத் ஆய்வாளர் சைலக்யான், பூக்கத் தயாரான செடியின் பாகத்தைத் தயாராகாத செடியில் ஒட்டுக்கட்டிப் பார்த்தார். தயாராகாததும் பூத்தது. ஏதோ ஒரு பொருள் சாறோடு சாறாக ஏறிப்போகிறது என்று ஊகித்து அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயரும் வைத்தார். அந்தப் பொருளைக் கையில் பிடிக்க எழுபது ஆண்டுகள் ஆயின. 2007 இல் ஜெர்மனியிலிருந்து ஒரு குழுவும் ஜப்பானிலிருந்து ஒரு குழுவும், ஒன்று அராபிடாப்சிஸ் என்ற கடுகின உறவுச் செடியிலும் மற்றது நெல்லிலும், அது ஒரு சிறு புரதம் என்று காட்டின.

அந்தப் புரதம் நுனியை அடைந்ததும் நடக்கும் மாற்றத்தைத்தான் தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதுவரை அந்த நுனி இலையும் தண்டும் செய்துகொண்டிருந்தது. எத்தனை நாள் வேண்டுமானாலும் செய்துகொண்டே இருந்திருக்கும். பூ செய்யத் தொடங்கிய நுனி தன்னையே செலவழித்துவிடுகிறது. பூவுக்குப் பிறகு அந்த இடத்தில் வளர எதுவும் மிஞ்சாது. செம்பருத்தி, அரளி போன்ற பல்லாண்டுச் செடிகள் எப்போதும் சில நுனிகளைப் பூக்க விடாமல் கையிருப்பில் வைத்திருக்கும். ஒருபருவச் செடி அப்படி எதையும் ஒதுக்குவதில்லை. காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி எல்லாமே இருக்கும் நுனிகளையெல்லாம் பூவாக்கி, இலையில் உள்ள சத்தையெல்லாம் விதைக்கு இறக்கிவிட்டுக் காய்ந்துபோகும். அந்தச் செடிகளின் நிறவெள்ளமும் குறுகிய ஆயுளும் ஒரே முடிவின் இரு பக்கங்கள்.

இந்த முடிவை மாற்ற முடியுமா? 2008 இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சீக்பெர்ட் மெல்ட்சரும் சக ஆய்வாளர்களும் அராபிடாப்சிஸில் இரண்டே இரண்டு மரபணுக்களின் வேலையை நிறுத்தினார்கள். சில வாரங்களில் பூத்துச் சாகும் அந்தப் பூண்டு, கட்டைத் தண்டும் கிளையுமாகக் குட்டிப் புதர்போல வளர்ந்தது. ஒருமுறை பூத்த பின்னும் சாகாமல் மறுபடி தழைத்து மறுபடி பூத்தது. பல்லாண்டு வாழ்வதற்கான வழி அந்தச் செடிக்குள்ளேயே கிடந்திருக்கிறது, மூடி வைத்த கதவுபோல.

வீட்டுத் தோட்டத்தில் மரபணுவில் கை வைக்க முடியாது. கத்தரிக்கோல் போதும். சோயாவில் காய் பிடிக்கப் பிடிக்கக் கிள்ளிவந்தால் அதன் இலைகள் மஞ்சளாகாமல் பச்சையாகவே நிற்கும். செடியைச் சாகச் சொல்வது முற்றும் விதைதான் என்பதற்கு இது நல்ல சான்று. பூ வாடியதும் வெட்டிவிடுவது என்ற பழைய தோட்ட வழக்கத்தின் காரணம் இதிலேயே இருக்கிறது. விதை முற்றவில்லை என்றால் செடி வேலை முடியவில்லை என்று எண்ணி, கீழ்க்கணுவில் உறங்கும் மொட்டை எழுப்பி அடுத்த பூவை விடும். இதில் பலர் செய்யும் தவறு, வாடிய இதழ்களை மட்டும் உருவிப் போடுவது. செண்டுமல்லியில் நாம் இதழ் என்று உருவுவது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. விதைகள் அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்துக்குள் முற்றிக்கொண்டுதான் இருக்கும். காம்போடு, கீழே நல்ல ஓர் இலைச்சோடி இருக்கும் இடம்வரை இறங்கி வெட்டுங்கள். ஜின்னியாவிலும் காஸ்மோஸிலும் அந்த இலைச்சோடியின் இரு கக்கத்திலிருந்தும் இரண்டு கிளைகள் வரும். வாரம் இரண்டு முறை இப்படி வெட்டினால், ஆறு வாரத்தில் முடிய வேண்டிய பூக்காலம் மூன்று மாதம் நீள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பூக்கும் முன்பே செய்ய வேண்டிய வெட்டு ஒன்றும் உண்டு. செண்டுமல்லி நட்டு ஒரு மாதம் ஆனதும் நுனிக் கொழுந்தைக் கிள்ளுவார்கள். முதல் தடவை செய்பவருக்கு மனசு கேட்காது. நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளரூக்கி தண்டில் இறங்கி, கீழேயுள்ள கணுமொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். தலையைக் கிள்ளினால் அதிகாரம் போய், அடங்கிக் கிடந்தவை எல்லாம் கிளையாகும். நுனிகளே பூவாக மாறுகின்றன என்று பார்த்தோம் அல்லவா? நுனி எத்தனையோ பூ அத்தனை. கிள்ளியதால் முதல் பூ பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் போகும். ஒரு தலைக்குப் பதில் பத்துத் தலைகள் வரும். ஒற்றைத் தண்டில் பெரிய கொண்டை வைக்கும் கோழிக்கொண்டையை மட்டும் கிள்ளாதீர்கள். அந்தக் கொண்டையே, ஒரு புள்ளியாக இருக்க வேண்டிய நுனி பட்டையாக விரிந்து மடிப்பு மடிப்பாக வளர்ந்ததுதான்.

தண்ணீர் பற்றி நான் சொல்வதைவிட ஒரு விண்வெளி வீரரின் அனுபவம் நன்றாகச் சொல்லும். 2015 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜின்னியா விதைத்தார்கள். தக்காளி போன்ற காய்ச்செடிகளுக்கு முன் வெள்ளோட்டமாகத்தான் இந்தப் பூச்செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஈரம் மிகுந்து இலைகளில் பூஞ்சை பிடித்தது. ஸ்காட் கெல்லி, தரையிலிருந்து வரும் அட்டவணைப்படி தண்ணீர் விடாமல் செடியைப் பார்த்துத் தானே முடிவெடுக்க அனுமதி கேட்டார். நாசாவும் ஒரே பக்கத்தில் சுருக்கமான பராமரிப்புக் குறிப்பை அனுப்பிவிட்டு அவரிடமே விட்டது. 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் ஜின்னியா பூத்தது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, இலை நனையாமல் அடியில், காலையில் ஊற்றுங்கள். மொட்டைமாடி ஜின்னியாவுக்கும் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

*

நிறத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனையை அடுக்களையிலேயே செய்யலாம். சிவப்புக் காசித்தும்பை இதழ் ஒரு கைப்பிடி, வாடாமல்லி ஒரு கைப்பிடி, வேலியில் சங்குப்பூ இருந்தால் அதுவும். தனித்தனி டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஊற வையுங்கள். பிறகு எலுமிச்சை பிழியுங்கள். சங்குப்பூவின் நீலம் கத்தரிப்பூ நிறமாகும். காசித்தும்பைச் சாறு இன்னும் பளிச்சென்று சிவக்கும். வாடாமல்லிச் சாறு அசையாது.

முதல் இரண்டிலும் இருப்பது ஆந்தோசயனின். அமிலம், காரம் இரண்டுக்கும் நிறம் மாறும் சாயம் அது. வாடாமல்லியில் இருப்பது பீட்டாலைன் என்ற வேறொரு குடும்பம். பீட்ரூட் பொரியல் கையில் ஒட்டுகிறதே, அதே சாயம். கோழிக்கொண்டை, பத்துமணிப் பூ, அந்திமந்தாரை, காகிதப்பூ, சிவப்புத் தண்டுக்கீரை, சப்பாத்திக்கள்ளிப் பழம் எல்லாம் இந்தக் கட்சிதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலத் தோன்றும் இவை அனைத்தும் ஒரே வரிசையைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். இயற்கையில் எந்தச் செடியும் இந்த இரண்டு சாயங்களையும் சேர்த்து வைத்திருப்பதாக இதுவரை காணப்படவில்லை. தோட்டத்தில் நடந்துபோகும்போது சிவப்புக்குள் இரண்டு தனிச் சாதிகள் இருக்கின்றன என்று நினைத்துப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம். செண்டுமல்லியின் மஞ்சள் மூன்றாவது வகை: எண்ணெயில் கரையும் கரோட்டினாய்டு. அதில் லூட்டின் மிகுந்திருப்பதால் பூவைக் காயவைத்துச் சாறெடுத்துக் கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். முட்டையின் மஞ்சள்கரு எடுப்பாகத் தெரிவதில் இந்தப் பூவுக்கும் பங்கு உண்டு.

ஒரு பூவின் நிறத்தைக் கூட்டப் போய் மருத்துவத்தில் ஒரு கதவு திறந்த கதையைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தைக் கடக்க முடியாது. 1990 இல் கலிஃபோர்னியாவில் கரோலின் நபோலியும் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் பெட்டூனியாவை இன்னும் ஆழ்ந்த ஊதாவாக்க விரும்பினார்கள். ஆந்தோசயனின் உண்டாகத் தேவையான மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்றைச் செலுத்தினார்கள். ஊதா கூடவில்லை, பல செடிகளில் வெள்ளைப் பூ வந்தது, சிலவற்றில் ஊதாவும் வெள்ளையும் கோடு கோடாக. நுழைத்த மரபணு தானும் அடங்கி, ஏற்கெனவே இருந்ததையும் அடக்கியிருந்தது. நெடுநாள் புரியாமல் கிடந்த இந்தப் புதிருக்கு, ஆர்என்ஏ வழியாகச் செல் தன் மரபணுக்களின் வாயை அடைக்கிறது என்ற விளக்கம் ஒரு நுண்புழுவிலிருந்து வந்தது. அதற்காக ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் செயல்படும் முதல் மருந்து 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நர்சரியில் தொங்கும் தொட்டியில் கோடுபோட்ட பெட்டூனியாவைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் கோடுகள் பலவற்றுக்கும் பின்னால் இதே அடக்குமுறைதான் இயங்குகிறது. வாங்கி விதைப்பதானால் அதன் தூள் போன்ற விதையை மண்ணால் மூடாதீர்கள்; முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும்.

*

பொட்டலத்தில் எஃப்1 என்று போட்டிருந்தால், அந்தச் செடியின் விதையை எடுத்து வைப்பதில் பலன் குறைவு. இரு வேறு பெற்றோரைக் கலந்து உண்டாக்கிய சீர்மை அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். உயரமும் நிறமும் ஆளுக்கொரு மாதிரி வரும். நாட்டு ரகங்களில் அந்தக் கவலை இல்லை. காசித்தும்பைக்கு நம் உதவியே வேண்டாம். முற்றிய காயின் சுவர்ச் செல்கள் நீரால் விம்மி இழுவிசையைச் சேர்த்து வைத்திருக்கும். விரல் பட்டதும் ஐந்து மடல்களும் சுருண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விதையை வீசிவிடும். குழந்தைகள் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடுவது, செடியின் பார்வையில், விதைப்பு.

என் மூன்று காஸ்மோஸ் செடிகளும் கார்த்திகைக் கடைசியில் அடித்த காற்றுமழை வரை அப்படியே நின்றன. அந்த ராத்திரி தெருவிளக்கு அணைந்தது, ஒரு மாதத்துக்கு மேல் எரியவில்லை. தெருவில் எல்லாருக்கும் சிரமம். நான் தினமும் காலையில் அந்த மூன்று செடிகளின் நுனியைப் போய்ப் பார்த்தேன். மார்கழி நடுவில் மொட்டு தெரிந்தது. மற்ற ஆறையும் நான் மழை தொடங்கியதிலிருந்து வெட்டாமல் விட்டுவிட்டதால், அவை விதை முற்றிக் குச்சியாக நின்றிருந்தன. தை இரண்டாம் வாரம் இந்த மூன்றும் ஆள் உயரத்தில் பூத்தன. உச்சியில் மட்டும் முப்பது நாற்பது பூக்களை எண்ணினேன். தேனீக்கள் வந்தன.

பங்குனியில் அவையும் காய்ந்தன. ஊசிபோன்ற கருப்பு விதைகளை உதிர்த்துப் பழைய செய்தித்தாளில் மடித்து, தேதி எழுதி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்த ஆவணியில் அதே வரிசையில்தான் விதைக்கப் போகிறேன். தெருவிளக்கைச் சரிசெய்துவிட்டார்கள். கடைசி மூன்று குழிக்கு மட்டும், அந்தி சாய்ந்ததும் கவிழ்த்து வைக்கப் பெரிய அட்டைப்பெட்டிகள் மூன்று எடுத்து வைத்தாகிவிட்டது.